விரிதாளில் அடங்கிய காட்சியகம்

தாத்தா விட்டுச்சென்ற புகைப்படங்களை இணையத்தில் வைக்க எண்ணியபோது முதலில் ஒமேகாவைத்தான் நிறுவினேன். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வரலாற்று, புதிய ஊடக மையம் 2008இல் வெளியிட்ட அந்தத் திறமூல மென்பொருள், ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பு, படைப்பாளர், காலம், உரிமை என டப்ளின் கோர் என்னும் விவரக்குறிப்புத் தரநிலை வகுத்த 15 புலங்களை வரிசையாக முன்வைக்கிறது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் பிஎச்பி என்னும் நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளமும் ஓடும் வழங்கியை (சர்வரை) ஆண்டு முழுவதும் பராமரிப்பது, நூற்றுச் சொச்சம் படங்களுக்காக யானையைக் கட்டித் தீனி போடும் வேலை.

ஆகவே ஐடஹோ பல்கலைக்கழக நூலகத்தார் உருவாக்கிய கலெக்‌ஷன்பில்டருக்கு மாறினேன். இதில் தரவுத்தளமே கிடையாது. விவரங்களை விரிதாளில் வரிக்கு ஒரு படமாக எழுதி சிஎஸ்வி என்னும் எளிய உரைக் கோப்பாகச் சேமித்தால், ஜெக்கில் என்னும் தளம் உருவாக்கும் மென்பொருள் அதை வாசித்து, தேடல், வரைபடம், காலவரிசை ஆகிய பக்கங்களுடன் முழுத் தளத்தையும் நிலையான எச்டிஎம்எல் கோப்புகளாக ஆக்கித் தருகிறது. முதல் முறை, தமிழ் எழுத்துகளைக் காக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்க நான் மறந்ததால், 'தேவகோட்டை, 1957' என்றிருந்த இடத்தில் கேள்விக்குறிகள் அணிவகுத்து நின்றன. ஆண்டு மட்டும் பிழைத்திருந்தது.

காலவரிசைக்கு ஆண்டு வேண்டும். தாத்தாவோ ஒரு படத்தின் பின்புறம் 'பொங்கலுக்கு முந்தின வாரம்' என்று மட்டுமே பென்சிலில் எழுதியிருக்கிறார். காலப் புலத்தை வெறுமையாக விட்டு, அந்த வரியை விளக்கக் குறிப்பில் அப்படியே சேர்த்திருக்கிறேன்.