பொட்டு வைத்த வேர்ஜினியா

டீச்சர் போய்விட்டா என்று வட்சப்பில் செய்தி வந்தபோது நான் வேலையில் இருந்தேன். 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டுவிட்டு மறுபடி கணக்குப் பார்க்கத் தொடங்கினேன். அந்தச் சனிக்கிழமைதான், டீச்சர் வகுப்பில் ஒட்டியிருந்த ஒரு படத்தின் அசலைப் பார்க்க, பிரபலங்களின் உருவப்படங்கள் இருக்கும் லண்டன் நஷனல் போர்ட்ரெயிட் கலரிக்குப் போனேன். முப்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பக்கத்து ட்ரஃபால்கர் சதுக்கத்தில் எத்தனையோ ஊர்வலங்களில் நின்றிருக்கிறேன். கலரிக்குள்ளே கால் வைத்தது அன்றுதான்.

1982இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு எந்தப் படம் என்று சொல்லத் தேவையில்லை. கரும்பலகைக்கு வலப்பக்கம், ஏதோ இங்கிலிஷ் சஞ்சிகையில் வெட்டி, கோதுமை மாப் பசையால் மட்டையில் ஒட்டியது. பக்கவாட்டில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை, பிறகு பெரிய ஆங்கில நாவலாசிரியராக வந்த வேர்ஜினியா வுல்ஃப். பிடரியில் தளரக் கட்டிய கொண்டை, வெள்ளைச் சட்டை, நீண்ட மூக்கு. மூலையில் கரப்பான் அரித்திருந்தது. ஒரு நாள் இடைவேளையில் கதிரையில் ஏறி அந்த நெற்றியில் சிவப்புப் பேனையால் பொட்டு வைத்தவள் நான். பக்கவாட்டு முகத்துக்குப் பொட்டு வைப்பது லேசான வேலையில்லை. அது புருவத்துக்கு மேலே, காயம் மாதிரி வந்துவிட்டது.

"ஆர் வைச்சது?"

எழும்பினேன். அடி விழும் என்று கையையும் நீட்டிவிட்டேன்.

"வைக்கிறதெண்டால் வடிவா வைச்சிருக்கலாமே. சரி, இந்த முகத்தைப் பற்றி இங்கிலிசில அஞ்சு வசனம் சொல்லு."

பாடம் முடிய அரை மணித்தியாலம் இருந்தது. டீச்சர் கதிரையில் இருந்து கொப்பி திருத்தினா; நான் நின்றேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது ஒரே வசனம்: "ஷி இஸ் எ பியூட்டி." வகுப்பு வெடித்தது. பிறகு பாடசாலையை விட்டுப் போகும்வரை நான் பியூட்டிதான். போன வருட ஒன்றுகூடலில்கூட ஒருத்தி, இப்போது அம்மம்மா, மண்டபத்துக்குக் குறுக்கே அப்படித்தான் கூப்பிட்டாள்.

சிரிப்பு அடங்கியதும் டீச்சர் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா. "இந்தப் பிள்ளைக்கு இதில இருபது வயது. இன்னும் ஒரு புத்தகமும் எழுதேல்லை. தம்பியும் தமையனும் கேம்பிரிட்ஜுக்குப் போச்சினம், இவ தேப்பன்ர புத்தகங்களை வீட்டில இருந்து படிச்சவ. இவவின்ர மனுசன் எங்கட கச்சேரியில, அரசாங்கக் கந்தோரில, வேலை பார்த்தவர், தெரியுமோ?"

நாங்கள் நம்பவில்லை. அது உண்மை. லியனார்ட் வுல்ஃப் 1905இல் ஒரு நாயோடும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் புத்தகங்களோடும் யாழ்ப்பாணம் வந்து இறங்கியவர், தமிழும் படித்தார். 1912இல் வேர்ஜினியாவைக் கட்டினார். வேர்ஜினியாவின் தாயை விதவிதமாகப் படம் பிடித்த, அந்தத் தாய்க்குப் பெரியம்மாவான ஜூலியா மார்கரெட் கமரூனை அடக்கம் செய்திருப்பது பொகவந்தலாவையில். இதெல்லாம் நான் தேடிப் படித்தது ஐம்பது வயதுக்குப் பிறகு.

அந்தப் படத்தை எடுத்தவர் ஜோர்ஜ் சார்ள்ஸ் பெரஸ்ஃபோர்ட், 1902இல். அப்போது அந்தப் பிள்ளை கல்யாணம் கட்டாத வேர்ஜினியா ஸ்டீபன். முதல் நாவல் வர இன்னும் பதின்மூன்று வருடம் இருந்தது. உலகம் முழுக்க 'எழுத்தாளர்' என்று மாட்டி வைத்திருப்பது இன்னும் ஒரு புத்தகமும் எழுதாத ஒரு பிள்ளையின் முகத்தை. தன்னைப் படம் எடுப்பதே அவருக்குப் பிடிக்காதாம். 1939இல் ஜிசேல் ஃப்ரொய்ண்ட் எடுத்த வண்ணப் படங்களில் களைத்த, ஐம்பத்தேழு வயது முகம். எல்லாம் எழுதியது அந்த முகம்தான். டீச்சர் ஏன் அந்த முகத்தை ஒட்டாமல் இருபது வயது முகத்தை ஒட்டினா என்று இப்போது யோசிக்கிறேன். நாற்பது பிள்ளைகள் எதிரே இருந்தோமே.

லண்டனுக்குப் புறப்படுகிறபோது டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "அசல் படம் லண்டனில இருக்கு. பார்த்திட்டு எனக்கு எழுது. இங்கிலிசில வேண்டாம், தமிழில எழுது" என்றா. நான் எழுதவில்லை. முதலில் வீசா, பிறகு வேலை, பிறகு பிள்ளைகள். பிறகு வெட்கம்.

அன்று கலரியில் அந்தப் படம் சுவரில் இல்லை. கீழே கடையில் போஸ்ட்காட் இருந்தது. இரண்டு வாங்கினேன். ஏன் இரண்டு என்று தெரியவில்லை. நெற்றி துப்புரவாக இருந்தது, எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

இந்தக் கட்டுரையோடு போட டீச்சரின் படம் ஒன்று வேண்டும் என்று எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் மலர்க் குழு கேட்டது. என்னிடம் இல்லை. எங்கள் வகுப்புப் படம் 1995இல் போரால் யாழ்ப்பாணத்தில் நடந்த இடப்பெயர்வில் வீட்டோடு போய்விட்டது. அதிலும் டீச்சர் கடைசி நொடியில் யாரையோ அதட்டத் திரும்பியிருப்பா, பக்கவாட்டில்தான் தெரியும். பரவாயில்லை. யாரிடமாவது அந்தப் படம் இருந்தால் சங்கத்துக்கு அனுப்புங்கள். அனுப்புகிறபோது எனக்கும் ஒரு பிரதி.