பால் பொங்கிய ஞாயிறு

ஞாயிறு காலை ஏழரை. பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு ஹால், மடியில் லேப்டாப். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அரை லிட்டர் நந்தினி பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "பார்த்துக்கடா, கீரைக்காரர் போயிடுவார்" என்று கீழே இறங்கினாள்.

நான் பார்த்துக்கொண்டிருந்ததோ வேறு ஒன்றை. புரோகிராம்களைப் பல சர்வர்களில் ஓடவிட்டு மேய்க்கிற குபெர்னெட்டீஸில், எங்கள் பாட் (புரோகிராம் ஓடுகிற பெட்டி) ஒன்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. என்ன ஆச்சு என்று சொல்கிற டிஸ்கிரைப் கமாண்டைப் போட்டால் 'ஓஓஎம் கில்ட், 137' என்கிறது, அதாவது மெமரி போதாமல் கொல்லப்பட்டது. 128-உம், 'உடனே செத்துப்போ' என்கிற சிக்னலின் நம்பரான 9-உம் சேர்ந்த கணக்கு அது. ஒன்பதாம் நம்பர் சிக்னல் வந்தால் அப்பீலே கிடையாது. (சிபியு லிமிட்டைத் தாண்டினால் வேகத்தைக் குறைப்பதோடு விட்டுவிடுவார்கள். மெமரிக்கு அந்தக் கருணை இல்லை.)

ஆனால் மெமரி எவ்வளவு தின்கிறது என்று காட்டும் 'கியூப்சிடிஎல் டாப்' போட்டால் 180 எம்ஐ (மெபிபைட், ஏறக்குறைய எம்பி மாதிரி). லிமிட் 512. பூனையும் பால் குடிக்குமா என்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

டாப் ஒருமுறை காட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் வாட்ச் கமாண்டில் கோத்து, இரண்டு விநாடிக்கு ஒருமுறை கண் கொட்டாமல் பார்த்தேன். 180. 180. 180. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு 184. அப்புறம் திடீரென்று 40. நடுவில் செத்து மறுபிறவியே எடுத்துவிட்டது!

அப்போதுதான் உறைத்தது. டாப்புக்கு எண்களைக் கொடுக்கிற மெட்ரிக்ஸ் சர்வர் வழக்கமாக 15 விநாடிக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கும். பழைய கணக்கைச் சேர்த்து வைக்கிற பழக்கமும் அதற்கு இல்லை. ஓடாத கடிகாரத்தில் அரை மணி நேரமாக மணி பார்த்திருக்கிறேன்.

தீய்ந்த வாசனை.

"அடுப்பு பூரா பால்! பார்த்துக்கச் சொன்னேனேடா?"

"பார்த்துட்டேதாம்மா இருந்தேன்."

"எதை?"

பதில் சொல்லவில்லை. அம்மா துணியோடு அடுப்பைத் துடைத்தபடி, "நாம பார்க்கிற வரைக்கும் பால் சும்மாதான் இருக்கும். தலையைத் திருப்பினா பொங்கும்" என்றாள். எங்கள் சீனியர் இதையே முக்கால் மணி நேர மீட்டிங்கில் சொல்வார்.

நடந்ததையெல்லாம் எழுதிவைக்கும் லாகைத் துழாவினேன். ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் ஒரு ரிப்போர்ட் ஜாப், டேட்டாபேஸின் முழு டேபிளையும் ஒரே வாயில் விழுங்கியிருந்தது. ஆயிரம் ஆயிரம் வரியாக எடுக்கும்படி மாற்றினேன். அடங்கியது.

"விசில் வச்ச பால் குக்கர் ஒண்ணு வாங்குடா, அதுவே கூப்பிடும்" என்றாள் அம்மா.

குக்கர் அன்று சாயங்காலமே வந்துவிட்டது. மெமரி ஏறினால் கூப்பிடுகிற அலர்ட்டுக்கு நான் போட்ட டிக்கெட் இன்னும் 'அப்புறம் பார்க்கலாம்' பட்டியலான பேக்லாகில்தான் கிடக்கிறது.