எதிர்காற்றில் 340 வாட்

என் மின்சார சைக்கிளின் ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டிஸ்ப்ளே இருக்கிறது. ஆறு மாதமாக அதில் வேகத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆடி பிறந்ததும், 40 கிலோமீட்டர் ஓடும் என்று கடைக்காரர் சொல்லிக் கொடுத்த பேட்டரி 28-க்கே மூச்சு வாங்க, பட்டனை அழுத்தி வாட் காட்டும் பக்கத்துக்குப் போனேன். அன்றிலிருந்து கண் அதிலேயேதான். கோவை செல்வபுரம் பக்கம் குழியில் இறங்கி முன் சக்கர ரிம் நெளிந்ததும் அதனால்தான். வீட்டில் வேறு காரணம் சொல்லியிருக்கிறேன்.

உக்கடத்திலிருந்து பேரூருக்குப் போவது மேற்குப் பார்த்த பயணம். இந்த மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று நேராக முகத்தில் அறையும். 22 கிலோமீட்டர் வேகத்தைப் பிடித்துக்கொண்டு போனால் 340 வாட் இழுக்கிறது. திரும்பும்போது அதே ரோடு, அதே வேகம், வெறும் 80. காற்று இல்லாத விடியற்காலையில் பார்த்தால் 160. அதாவது போகும்போது 180 கூடுதலாகக் கொடுத்துவிட்டு, வரும்போது 80-தான் மிச்சம் பிடிக்கிறேன். காற்றின் தடை வேகத்துக்கு நேராக ஏறாமல் அதன் வர்க்கத்தில் ஏறுவதால் போக்கும் வரவும் சரிக்குச் சரியாகாது. என் பேட்டரி 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-அவர், ஆக மொத்தம் 270 வாட்-அவர், அதாவது 270 வாட்டை ஒரு மணி நேரம் கொடுக்கும். கணக்குப் போட்டால் காற்றில்லாத நாளில் 37 கிலோமீட்டர் வரும். கடைக்காரரைத் திட்டியதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மோட்டார் மேல் 250 வாட் என்று ஸ்டிக்கர், டிஸ்ப்ளேயிலோ சிக்னலில் கிளம்பும்போது 600-ஐத் தொடுகிறது. முதலில் ஏதோ கோளாறு என்றுதான் நினைத்தேன். 250 என்பது சூடேறாமல் தொடர்ந்து ஓடக்கூடிய அளவு. டிஸ்ப்ளே காட்டுவது பேட்டரியிலிருந்து போகும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கிய கணக்கு. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 15 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் சார்ஜ் இறங்கி வோல்ட் குறைந்த சாயங்காலத்தில் எவ்வளவு முறுக்கினாலும் 500-தான்.

அந்த வாட் எல்லாம் சக்கரத்துக்குப் போகிறது என்றும் நினைக்க வேண்டாம். ஒரு மேம்பாலத்தில் மிதிக்காமல் சோம்பேறித்தனமாக ஆக்சிலேட்டரை மட்டும் பிடித்து ஏறினேன். வேகம் 10, வாட் 590. மேலே போய் நிறுத்தி, பின் சக்கர மோட்டாரைத் தொட்டால் தோசைக்கல். மெதுவாகச் சுற்றும்போது பெரும்பகுதி வெப்பமாகவே போய்விடுகிறது. இப்போது ஏற்றம் வந்தால் எழுந்து நின்று மிதிக்கிறேன்.

நேற்று எதிர்காற்றில் வேகத்தை 18-க்கு இறக்கிப் பார்த்தேன், 340 இருந்த இடத்தில் 240. பேரூர் சேர நாலு நிமிஷம் கூடுதல், அவ்வளவுதான். வழியில் டிவிஎஸ் 50-யில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போன பெரியவர் என்னை முந்தும்போது கேட்டார்: “என்னங் தம்பி, சார்ஜு தீந்துருச்சுங்களா?”