வால்பாறை ஏற்றத்தில் ஓர் ஏர் லாக்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். ஆழியாறு வரை தென்னந்தோப்பும் சமதளமும்தான். அணையைத் தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. ஆறாவது பலகை வருவதற்குள் எங்கள் வண்டியின் டெம்பரேச்சர் முள் ஏறுவதும் இறங்குவதுமாக ஆட ஆரம்பித்தது. டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து களக் களக்கென்று சத்தம் வேறு.

ஏசியை அணைத்துவிட்டு, ஒன்பதாவது வளைவில் உள்ள லோம்ஸ் காட்சிமுனை வரை மெல்ல ஓட்டி ஓரங்கட்டினோம். கீழே ஆழியாறு அணை பளிச்சென்று தெரிந்தது. தடுப்புச் சுவரருகே வரையாடு ஒன்று எங்களைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருந்தது. மச்சான் அதைப் படம் பிடிக்கப் போனான். நான் பானட்டைத் தூக்கினேன்.

எஸ்டேட் பிக்கப் ஓட்டி வந்த அண்ணன் ஒருவர் எங்களைப் பார்த்து நிறுத்தினார். முதல் கேள்வியே, “ஹீட்டர் போட்டுப் பாத்தீங்களாங்க?”

போட்டோம். இஞ்சினின் சுடுதண்ணீர்தான் ஹீட்டருக்கும் போய்ச் சூடு தர வேண்டும். இஞ்சின் கொதிக்கிறது, ஹீட்டரிலோ குளிர்ந்த காற்று. “ஏர் லாக்குங்க. தண்ணி மாத்துனீங்களா?”

போன வாரம்தான் ஒரு பட்டறையில் வாட்டர் பம்பும், இஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் தண்ணீரும் மாற்றினார்கள். நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை எடுக்காமல் விட்டிருக்கிறார்கள். காற்று எப்போதும் மேடான இடம் தேடிப் போய்த் தங்கும். ஹீட்டருக்குள்ளும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் பக்கத்திலும். தண்ணீரைத் தள்ளும் பம்புக்குக் காற்றைத் தள்ளத் தெரியாது. தெர்மோஸ்டாட்டுக்குள் இருக்கும் மெழுகு சூடான தண்ணீர் பட்டால்தான் உருகி வழி திறக்கும். சுற்றிலும் காற்று என்றால் தாமதம்தான். அதற்குள் இஞ்சின் தலை காய்ந்துவிடும்.

உடனே ரேடியேட்டர் மூடியில் கைவைக்க அவர் விடவில்லை. மூடி அழுத்தம் கொடுத்து அடைத்திருப்பதால் உள்ளே 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் நிற்கும். திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். ஆக, மேல் ஹோஸைத் தொட்டுப் பிடிக்க முடிகிறவரை காத்திருந்தோம். பையிலிருந்த முறுக்கு காலியானது.

அப்புறம்தான் வேலை. வண்டியின் மூக்கு ஏற்றத்தைப் பார்க்க நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்தோம். அப்போதுதான் ரேடியேட்டர் வாய் எல்லாவற்றையும்விட மேலே இருக்கும். இத்தனை நேரம் வண்டியை வாட்டிய ஏற்றமே இதற்குக் கைகொடுத்தது! மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, டிக்கியில் மிச்சமிருந்த கூலண்டை நிதானமாக ஊற்றி, இஞ்சினை ஐடிலில் விட்டோம். அண்ணன் ஃபேனுக்குக் கை எட்டாமல் மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட, குமிழ் குமிழாக வந்தது. தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கியது, மறுபடி ஊற்றினோம். ஹீட்டரில் அனல் வந்தது, குமிழ் நின்றது, மூடியைப் போட்டோம்.

ரேடியேட்டரிலேயே மூடி உள்ள பழைய வண்டிகளுக்கு இந்த முறை சரி. சில வண்டிகளில் காற்றை விடவே தனித் திருகு இருக்கும். அவற்றுக்குக் கையேட்டைப் பார்ப்பதே நல்லது.

காசு நீட்டினோம், அவர் வாங்கவில்லை. மறுநாள் காலை வால்பாறையில், இஞ்சின் ஆறிக் கிடந்தபோது பார்த்தால் கூலண்ட் ரிசர்வாயரில் ஒரு விரல் அளவு குறைந்திருந்தது. மிச்சக் காற்றும் வெளியேறினால் அப்படித்தான் ஆகும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். ஊற்றி நிரப்பிவிட்டு, புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கக் கிளம்பினோம்.