டௌசனின் சினாரா: வினைச்சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள்

சென்ற வாரம் முடிவு வெளியானது. முதுகலை ஆங்கில இலக்கியத்தின் விக்டோரியக் காலத் தாளில் எனக்கிருந்த அரியர் நீங்கிவிட்டது. இரண்டு முறையும் ஆங்கிலக் கவிஞர் எர்னஸ்ட் டௌசனின் சினாரா கவிதையே கட்டுரை வினாவாக வந்ததால், நான் எங்கே தவறினேன் என்பதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.

முதல் முறை கவிதையை விட்டுக் கவிஞரின் வாழ்க்கையை எழுதினேன். சோஹோவில் உணவகம் நடத்திய போலந்துக் குடும்பத்தின் மகள் அடிலெய்டை அவர் விரும்பியதும், அவள் 1897இல் ஒரு தையற்காரரை மணந்ததும், 1900இல் தமது 32ஆம் வயதில் அவர் இறந்ததும் எனக்கு மனப்பாடம். அந்தத் திருமணத் துயரமே இக்கவிதை என்று மூன்று பக்கம் நிரப்பினேன். கவிதையோ 1891இலேயே அச்சாகிவிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து நடந்த திருமணம் அதற்குக் காரணமாகாது.

இம்முறை நான்கு பத்திகளையும் கையால் எழுதி, வினைச்சொற்களை மட்டும் அடிக்கோடிட்டேன். வேறொருத்தியின் இதழுக்கும் தன் இதழுக்கும் நடுவே நேற்றிரவு பழைய காதலி சினாராவின் நிழல் 'விழுந்தது' என்று தொடங்கும் கவிதையின் நாயகன், விருந்து முடிந்து விளக்குகள் அணையும் கடைசிப் பத்தியில் அந்நிழல் 'விழுகிறது' என்கிறான். பழைய காதலால் நொந்து 'கிடந்தேன்' என மூன்று பத்திகளில் வந்த வரியும் அங்கே 'கிடக்கிறேன்' என்று மாறுகிறது. வெளிறிய லில்லிகளை மறப்பதற்காகவே கூட்டத்தோடு ரோஜாக்களை வாரியிறைத்து ஆடியவனுக்கு, மறதி ஓர் இரவுகூட வாய்க்கவில்லை என்பதை இந்தக் கால மாற்றம் ஒன்றே காட்டிவிடுகிறது. என் விடை முழுவதையும் இதன்மேல்தான் கட்டினேன்.

இவற்றையும் விடாதீர்கள்:

- கவிதையின் முழுத் தலைப்பு ரோமானியக் கவிஞர் ஹொரேஸின் லத்தீன் வரி. 'சினாராவின் ஆட்சியில் இருந்த அதே ஆள் அல்லன் நான் இப்போது' என்று அது சொல்ல, பல்லவியோ 'என் வழியில் உனக்கு உண்மையாகவே இருந்தேன்' என்கிறது. இந்த முரணைக் கட்டாயம் எழுதுங்கள்.
- ஒவ்வொரு பத்தியிலும் ஐந்தாம் அடிக்கு மட்டும் ஐந்து சீர், மற்றவற்றுக்கு ஆறு.
- டெகடன்ட் இயக்கம் (நலிவையும் செயற்கை அழகையும் கொண்டாடிய 19ஆம் நூற்றாண்டு இறுதி இலக்கியப் போக்கு) பற்றிய விமர்சகர் ஆர்தர் சைமன்ஸின் 1893ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு ஒரு வாக்கியம் போதும்.

கூட்டாகப் படிப்பது இக்கவிதைக்கு உதவாது என்றே நினைக்கிறேன். விடியற்காலையில் மொட்டைமாடியில் தனியாக நடந்தபடி வாய்விட்டுப் படித்தபோதுதான், ஐந்தாம் அடியில் மூச்சு சட்டென்று குறைவது எனக்குப் பிடிபட்டது. கைடு நூல்களை அதன் பிறகே திறந்தேன். அடிலெய்டின் பெயரை இம்முறை கடைசிப் பக்கத்தில், ஒரே வாக்கியத்தில் எழுதினேன்.