நங்கூரம் பிடித்தால் படகே வீடு

பாய்மரப் படகில் குடும்பமாகப் போகும்போது ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். காலையில் காற்றைப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஓடுவோம், வெயில் ஏறுவதற்குள் ஏதாவதொரு குடாவில் ஒதுங்கிவிடுவோம். அப்புறம் பிள்ளைகள் நீந்துவது, சீட்டாடுவது, ராத்திரி எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவது எல்லாமே நங்கூரத்தை நம்பித்தான். அதனால் இந்த முறை கிளம்பும் முன் அதற்குத்தான் அதிகம் மெனக்கெட்டேன்.

படகோடு வந்தது சி.க்யூ.ஆர். என்ற கலப்பை வடிவ நங்கூரம். இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் 1933-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அவரும் பாய்மரப் படகோட்டி. எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு, ஆனால் இறுகிய மணலில் சில சமயம் உள்ளே இறங்காமல் உழுதுகொண்டே போகும். டான்ஃபோர்த் என்ற இன்னொரு வகை நங்கூரம் எடை குறைவு. மணலிலும் சேற்றிலும் அருமையாகப் பிடிக்கும். காற்று திசை மாறிப் படகு சுற்றினால் பிடி விட்டுப்போகலாம் என்பதுதான் பயம். கடைசியில் மண்ணில் புதையும் குழிந்த அலகும் மேலே வளையமும் உள்ள ராக்னா வகையை எடுத்தோம். தலைகீழாக விழுந்தாலும் அந்த வளையம் அதைப் புரட்டிவிடும். படகின் அளவுக்கேற்ற நங்கூர அட்டவணை சொன்னதைவிட ஓர் அளவு பெரியதாகவே வாங்கினேன். காற்றின் வேகம் இரட்டிப்பானால் படகின்மேல் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். குழந்தைகள் உறங்கும் படகில் கூடுதல் எடை எனக்குச் சுமையாகத் தெரியவில்லை.

எவ்வளவு நல்ல நங்கூரமானாலும் சங்கிலியைக் கஞ்சத்தனமாக விட்டால் பிடிக்காது. ஆழம் 4 மீட்டர், கடல் ஏற்றத்துக்கு 1 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரம் 1 மீட்டர்: ஆக 6. சங்கிலி மட்டும் என்றால் அதில் ஐந்து மடங்கு, 30 மீட்டர். கயிறும் சேர்ந்தால் ஏழு மடங்காவது வேண்டும். இழுவை தரையை ஒட்டி வந்தால்தான் அலகு புதையும்.

இந்தக் கணக்கு இப்போது மகளின் பொறுப்பு. அணியத்தில் நின்று வெளிறிய மணல் திட்டைத் தேடுவதும் அவள்தான். கரும்பச்சையாகத் தெரிந்தால் கடற்புல். அதில் நங்கூரமும் சரியாக இறங்காது, மீன்குஞ்சுகள் வளரும் இடமும் பாழாகும். அவள் கையைக் காட்டியதும் சங்கிலியை இறக்கி, எஞ்சினைப் பின்னோக்கி மெதுவாக இயக்குவோம். மகன் கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு பாறையையும் நேர்கோட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பான். இரண்டும் விலகாமல் இருந்தால், “பிடிச்சிருச்சுப்பா!” என்று கத்துவான். அந்தக் குரலுக்குப் பிறகுதான் எஞ்சினை நிறுத்துவேன்.

ஓர் இரவு காற்று முழுசாகத் திரும்பியது. மேலே போய்ப் பார்த்தேன். படகு சுற்றி வந்து மறுபக்கம் நின்றது, நங்கூரம் அசையவில்லை. சங்கிலியில் கட்டியிருந்த நைலான் கயிறு நீண்டு சுருங்கி, அலையின் வெட்டியிழுப்பை வாங்கிக்கொண்டது. கீழே யாரும் விழிக்கவில்லை.

அடுத்த பயணத்துக்கு எடை குறைந்த அலுமினிய டான்ஃபோர்த் வகை ஒன்றை இரண்டாவது நங்கூரமாக எடுத்துப்போகப் போகிறோம். அதைச் சின்னப் படகில் வைத்துக் கொண்டுபோய்ப் போடும் வேலையை மனைவி இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டாள்.