நனைவதற்கும் காய்வதற்கும் நடுவே

அடியிலிருந்து சூடான காற்றை ஊதி மிதக்கவிடும் ஃப்ளூயிட் பெட் இயந்திரத்தில், மருந்து பெல்லட்டுகளுக்கு, அதாவது சின்னச் சின்ன உருண்டைகளுக்கு, எத்தில் செல்லுலோஸ் என்ற பாலிமரை ஸ்ப்ரே செய்து கோட்டிங் போடும் வேலை முதன்முதலாக என்னிடம் வந்தபோது, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. அதனால் உள்ளே போகும் காற்றை 65 டிகிரியில் வைத்து, ஸ்ப்ரேயை மிக மெதுவாக விட்டேன். ஒரு பெல்லட்கூட ஒட்டவில்லை. ஆனால் 12 மணி நேரம் மெல்ல வெளிவர வேண்டிய மருந்து, கரைதல் சோதனையில் 2 மணி நேரத்திலேயே பெரும்பாலும் கரைந்துவிட்டது.

ஃபில்டர் பையைத் தட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. வெள்ளை வெளேரென்று மாவு மாதிரி கொட்டியது. அத்தனையும் பெல்லட்டின் மேல் இருந்திருக்க வேண்டிய பாலிமர்! துளிகள் போய்ச் சேருமுன்பே வழியில் காய்ந்திருக்கின்றன. சேர்ந்தவையும் பரவவில்லை. மைக்ரோஸ்கோப்பில் மேற்பரப்பு மணல் தூவியதுபோல் சொரசொரப்பாக, துளைகளோடு தெரிந்தது. தண்ணீரில் கலந்த பாலிமர் துகள்கள் நெருங்கி, அமுங்கி, ஒரே படலமாக இணைய வேண்டும். அதற்குக் கொஞ்ச நேரமாவது ஈரம் நிற்க வேண்டும்.

சரி என்று அடுத்த முறை சூட்டைக் குறைத்து ஸ்ப்ரேயைக் கூட்டினேன். அரை மணி நேரத்தில் பெல்லட்டுகள் இரண்டு மூன்றாக ஒட்டி, அடியில் ஓட்டமே நின்றுபோனது. பிரித்தெடுத்தால் ஒட்டிய இடத்தில் படலம் பிய்ந்து வந்தது.

அப்புறம்தான் உள்ளே போகும் காற்றின் சூட்டை விட்டுவிட்டு, பெல்லட் படுகையின் சூட்டைக் கவனிக்க ஆரம்பித்தேன். காற்று கொண்டுவரும் வெப்பமும் ஆவியாகும் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் வெப்பமும் சமன்படும் இடம் அது. எங்கள் கலவைக்கு 40 டிகிரியை ஒட்டி வைத்ததும் படலம் வழவழப்பாக வந்தது. முதலில் மெதுவாக ஸ்ப்ரே செய்து, மெல்லிய அடிப்படலம் பிடித்த பிறகே வேகத்தைக் கூட்டினேன். நாசில் காற்றழுத்தத்தைச் சற்று ஏற்றியதும் துளிகள் சிறிதாகி, ஒட்டுவது குறைந்தது. அதிகம் ஏற்றினால் மறுபடி பழைய மாவுதான்.

ஒரு மழை நாளில் எல்லா எண்களும் அப்படியே இருந்தும் பெல்லட்டுகள் ஒட்டின. காற்றே ஈரத்தைச் சுமந்து வந்ததால் காய்வது தாமதமாகியிருக்கிறது. அன்றிலிருந்து ஈரம் நீக்கிய காற்றைத்தான் உள்ளே விடுகிறேன், பனிநிலையையும் (காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறித்து வைக்கிறேன்.

ஸ்ப்ரே முடிந்ததும், பாலிமர் துகள்கள் முழுதாக இணைய, 60 டிகிரி அடுப்பில் வைத்துப் பதப்படுத்துவதையும் விடுவதில்லை. அப்படி வைக்காத பெல்லட்டுகள் நாள் போகப் போக மருந்தை மேலும் மெதுவாக விட்டன. வைத்தவை முதல் நாள் வேகத்திலேயே நின்றன.